இயந்திரத்தின் மூளை: ஒரு தேர்வின் வரலாறு

வேகக் கார் வைத்திருப்போரிடையே ஓயாமல் நடக்கும் விவாதம் ஒன்று உண்டு. எஞ்சினுக்குப் பெரிய டர்போ பொருத்தியாயிற்று, இன்ஜெக்டர்களையும் மாற்றியாயிற்று. தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய கணினி இனி இவற்றுக்கு ஈடுகொடுக்காது. அதன் இடத்தில் வெளிச்சந்தையிலிருந்து எந்தக் கணினியை வாங்கிப் பொருத்துவது? ஹால்டெக் என்பார் ஒருவர். மோடெக்கை விட்டால் வேறு கதியில்லை என்பார் இன்னொருவர். மெகாஸ்குவர்ட் பலகையை வாங்கித் தானே பற்றவைத்துக்கொள்ளலாம் என்பார் மூன்றாமவர். விலைப்பட்டியலும் வசதிப்பட்டியலும் குவியும். முடிவு மட்டும் வராது.

இவ்விவாதத்தில் வரலாற்றைத் துணைக்கு அழைப்பவர் அரிது. பெட்டிக்கு ஏது வரலாறு என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் இந்தப் பெட்டிகள் எவையும் வெறுமையில் பிறந்தவை அல்ல. ஒன்றைப் போர் பெற்றெடுத்தது; ஒன்றை நகரத்துப் புகை பெற்றெடுத்தது; ஒன்றைப் பந்தயம் பெற்றெடுத்தது; பூட்டிய பெட்டிகளின் மேல் எழுந்த எரிச்சலில் பிறந்தது மற்றொன்று. ஒரு கருவி எந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்தது என்று தெரிந்தால், நம்முடைய கேள்விக்கு அது விடையாகுமா என்பதும் தெரிந்துவிடும். அந்த வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

கணினிக்கு முன்பிருந்த கணக்கு

பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு முடிவுகளை எடுத்தாக வேண்டும். உள்ளே வந்த காற்றுக்கு எவ்வளவு எரிபொருள்? தீப்பொறி எந்தக் கணத்தில்? முதல் கேள்விக்கு வேதியியல் தரும் விடை, எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று. முழு வலிமை வேண்டுமென்றால் பெட்ரோலைச் சற்றுத் தாராளமாக விட்டு 12.5 அல்லது 13 பங்கு காற்றுக்கு வர வேண்டும். டர்போ எஞ்சினில் சிலிண்டரைக் குளிர்விக்கவும் பெட்ரோலே பயன்படுவதால் இன்னும் கூடுதலாக விடுவார்கள்.

இரண்டாம் கேள்வி இதைவிட நுட்பமானது. நிமிடத்திற்கு 6000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 10 மில்லிநொடி. கிராங்க் தண்டு ஒரே ஒரு பாகை திரும்ப ஆவது, ஒரு நொடியைப் பத்து லட்சமாகக் கூறிட்டால் அதில் 28 கூறுகள். தீப்பொறி சில பாகை பிந்தினால் வலிமை குறையும். சில பாகை முந்தினால், கலவை தன்னிச்சையாக வெடித்து பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதுபோல் அடிக்கும். பட்டறைகளில் 'நாக்கிங்' என்று சொல்வது இதைத்தான். கனமான பாரத்தில் இது தொடர்ந்தால் பிஸ்டனில் ஓட்டை விழச் சில நொடிகள் போதும்.

கார்புரேட்டர் காலத்தில் இக்கணக்கையெல்லாம் உலோகத்தின் வடிவமே போட்டது. வில்ஹெல்ம் மேபாக் 1893இல் உருவாக்கிய தெளிப்புக் கார்புரேட்டரின் வழிவந்தவை அனைத்திலும், காற்றுக் குழாய் ஓரிடத்தில் குறுகும்; அங்கே அழுத்தம் குறைய, சிறு துளை வழியே பெட்ரோல் உறிஞ்சப்படும். அத்துளையின் அளவுதான் நினைவகம். தீப்பொறியின் நேரத்தை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த சிறு எடைகளும் சுருள்வில்லும் தீர்மானித்தன. சுழற்சி கூடக் கூட எடைகள் விரியும்; பொறி முந்தும். இதை மாற்ற வேண்டுமென்றால் வில்லை மாற்ற வேண்டும், எடையைத் தேய்க்க வேண்டும். அன்றைய டியூனரின் ஆயுதங்கள் திருப்புளியும் அரமும்.

இந்த ஏற்பாட்டின் குறை வானத்தில் அம்பலமானது. இரண்டாம் உலகப்போரின் தொடக்க ஆண்டுகளில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானங்களில் இருந்த மெர்லின் எஞ்சினுக்குக் கார்புரேட்டர். ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109இல் இருந்த டைம்லர்-பென்ஸ் எஞ்சினுக்கு நேரடி எரிபொருள் உட்செலுத்தல். ஜெர்மன் விமானி மூக்கைச் சட்டென்று கீழே சாய்த்துப் பாய்ந்தால் அவரது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். பின்தொடரும் பிரிட்டிஷ் விமானி அதையே செய்தால் மிதவைக் கிண்ணத்துப் பெட்ரோல் மேல்நோக்கி எழும்பி எஞ்சின் திணறும். இதற்கு 1941இல் ஒரு தற்காலிகத் தீர்வு கண்டவர் ஃபார்ன்பரோவில் பணியாற்றிய பொறியாளர் பீட்ரிஸ் ஷில்லிங். எரிபொருள் பாயும் வழியில் அளவாகத் துளையிட்ட சிறு தட்டு ஒன்றை வைத்தார், அவ்வளவுதான். இவர் 1930களில் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டி மணிக்கு நூறு மைலுக்கும் மேற்பட்ட வேகத்தில் வலம் வந்தவர். எஞ்சினின் பசியைக் காதால் அறிந்தவர் என்று சொல்லலாம்.

எதிரணியில் அதே காலத்தில் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. ஃபோக்க-வுல்ஃப் 190 விமானத்தில் இருந்த பி.எம்.டபிள்யூ. 801 எஞ்சினுடன் 'கொமாண்டோகெரேட்' என்ற கருவி வந்தது. விமானி ஒரே ஒரு நெம்புகோலை அசைத்தால் போதும். கலவையின் செழுமை, தீப்பொறியின் நேரம், காற்றழுத்தம், விசிறியின் கோணம் அனைத்தையும் எண்ணெய் அழுத்தத்தாலும் நெம்புகளாலும் அக்கருவியே இசைவித்துக்கொள்ளும். ஒரு டிரான்ஸிஸ்டர்கூட இல்லாத எஞ்சின் மேலாண்மைக் கணினி அது. பல உள்ளீடுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு முடிவெடுக்கும் பெட்டி என்னும் எண்ணம், மின்னணுவியலுக்கு முன்பே பிறந்துவிட்டது.

புகை எழுதிய சட்டம்

மின்னணு முறையில் பெட்ரோலைச் செலுத்தும் முதல் முயற்சி அமெரிக்காவினுடையது. பெண்டிக்ஸ் நிறுவனத்தின் 'எலக்ட்ரோஜெக்டர்' 1957இல் அறிவிக்கப்பட்டது. 1958ஆம் ஆண்டுக்கான கிரைஸ்லர் குழுமக் கார்களில் அது விருப்பத்தேர்வாக விற்கப்பட்டது. பொருத்தப்பட்டவை ஏறத்தாழ 35 கார்கள். வெப்பத்தையும் அதிர்வையும் தாங்கும் மின்னணு உறுப்புகள் அன்று இல்லை. பெரும்பாலான கார்கள் பணிமனைக்குத் திரும்பி வந்து கார்புரேட்டர் மாட்டிக்கொண்டு போயின. காலத்துக்கு முந்திப் பிறந்த குழந்தை.

அதன் காப்புரிமையின் வழியே ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் தொடர்ந்து உழைத்து, 1967இல் டி-ஜெட்ரானிக் முறையை வோக்ஸ்வாகன் 1600 காரில் கொண்டுவந்தது. ஜெர்மன் கார் என்றாலும் அது குறிவைத்தது அமெரிக்கச் சந்தையை. குறிப்பாகக் கலிஃபோர்னியாவின் புகைச் சட்டங்களை. டி என்பது அழுத்தத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. காற்று உள்ளே செல்லும் குழாயின் அழுத்தத்தை அளந்து, அதிலிருந்து காற்றின் அளவை ஊகித்து, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று அது கணக்கிட்டது. பின்னர் வந்த எல்-ஜெட்ரானிக் ஊகத்தை விட்டுவிட்டு, காற்றின் வழியில் ஒரு மடலை வைத்து வரவை நேராகவே அளந்தது. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இன்று பெட்டி வாங்குபவர் முன்னிருக்கும் முதல் கேள்வி இதுவே.

அமெரிக்காவின் 1970ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டம் கார் நிறுவனங்களின் கழுத்தைப் பிடித்தது. மூன்று நச்சுகளையும் ஒருசேர நீக்கும் வினையூக்கி மாற்றி வேலை செய்ய வேண்டுமென்றால், கலவை அந்த 14.7 என்ற புள்ளியைச் சுற்றியே நிற்க வேண்டும். எந்தக் கார்புரேட்டராலும் அதைத் தொடர்ந்து செய்ய இயலாது. வோல்வோ 1976இல் கலிஃபோர்னியாவுக்கு அனுப்பிய கார்களில், புகைக்குழாயில் ஆக்ஸிஜனை முகர்ந்து பார்க்கும் லாம்டா உணரியை வைத்தது. தான் இட்ட அளவு சரிதானா என்று எஞ்சின் தன் மூச்சையே முகர்ந்து திருத்திக்கொள்ளும் ஏற்பாடு. 1979இல் பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் பாஷின் மோட்ரானிக் வந்தபோது எரிபொருளும் தீப்பொறியும் ஒரே இலக்கக் கணினியின் ஆட்சிக்குள் அடங்கின.

இங்கேதான் நம் கதைக்குரிய திருப்பம். துளையின் அளவிலும் வில்லின் இறுக்கத்திலும் மறைந்திருந்த கணக்கு, முதன்முறையாக எண்களின் அட்டவணையாக மாறியது. கிடைவரிசையில் எஞ்சினின் சுழற்சி, நெடுவரிசையில் பாரம், ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். முப்பரிமாணத்தில் வரைந்தால் மலைத்தொடர்போல் தெரியும் அவ்வட்டவணைக்கு 'மேப்' என்று பெயர். எண்ணாக எழுதப்பட்ட எதையும் மாற்றி எழுத முடியும். அதை எழுதும் உரிமை யாருக்கு என்ற கேள்வியும் அன்றே பிறந்துவிட்டது.

பந்தயம் கற்பித்தவை

அந்த மலைத்தொடரின் மதிப்பை உலகுக்குக் காட்டியது ஃபார்முலா ஒன் பந்தயத்தின் டர்போ காலம். 1983இல் நெல்சன் பிக்கே பிராபம் காரில் உலக வாகையர் ஆனார். டர்போ எஞ்சினுடன் அப்பட்டம் வென்ற முதல் ஓட்டுநர் அவரே. அவருடைய பி.எம்.டபிள்யூ. எஞ்சின் வெறும் ஒன்றரை லிட்டர், நான்கு சிலிண்டர். அதை ஆண்டது பாஷின் மின்னணுப் பெட்டி.

அடுத்த ஆண்டு விதி மாறியது. பந்தயம் முழுமைக்கும் 220 லிட்டர் எரிபொருளே என்றும் இடையில் நிரப்பக்கூடாது என்றும் ஆயிற்று. 1986இல் அது 195 ஆகவும், 1988இல் டர்போ கார்களுக்கு 150 ஆகவும் சுருங்கியது. வலிமைப் போட்டி சிக்கனப் போட்டியாக மாறியது. மக்லாரன் அணியின் டேக்-போர்ஷ எஞ்சினுக்கும் பாஷின் மோட்ரானிக் கணினியே வழிகாட்டி. 1984இல் நடந்த 16 பந்தயங்களில் 12ஐ அவ்வணி வென்றது. நிக்கி லாவ்டா, தம் அணித்தோழர் அலன் பிரோஸ்ட்டை அரைப் புள்ளியில் முந்திப் பட்டம் பெற்றார். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு சொட்டு என்பதைத் துல்லியமாக எழுதத் தெரிந்தவருக்கே வெற்றி என்பது எல்லோருக்கும் விளங்கியது.

ஆனால் அந்தப் பெட்டிகள் தொழிற்சாலை அணிகளின் சொத்து. சிறு ஊரில் கொட்டகையில் எஞ்சின் கட்டுபவருக்கு அவை எட்டாக்கனி. அவருக்கு அப்போது இருந்த வழிகள் இரண்டு. ஒன்று, 'சிப்' மாற்றுவது: தொழிற்சாலைக் கணினியைத் திறந்து, அட்டவணை எழுதப்பட்டிருந்த நினைவகச் சில்லைப் பிடுங்கி, வேறு எண்கள் எழுதிய சில்லைச் செருகுவது. எவரோ, எங்கோ, வேறு எந்த எஞ்சினையோ மனத்தில் வைத்து எழுதிய எண்கள் அவை. மற்றொன்று, 'பிக்கி-பேக்': உணரிக்கும் கணினிக்கும் நடுவில் ஒரு சிறு பெட்டியை வைத்து, கணினிக்குப் பொய் சொல்வது. வந்த காற்றைக் குறைத்துச் சொன்னால் அது பெட்ரோலைக் குறைக்கும். கூட்டிச் சொன்னால் கூட்டும். ஆனால் காற்று குறைவு என்று நம்பும் கணினி பாரமும் குறைவு என்று எண்ணித் தீப்பொறியை முந்தச் செய்யும். அந்த ஒரு பொய்க்குப் பல பிஸ்டன்கள் விலை கொடுத்தன.

தெற்கிலிருந்து வந்த பெட்டிகள்

இதற்கான விடை டெட்ராய்ட்டிலிருந்தோ ஸ்டுட்கார்ட்டிலிருந்தோ மட்டும் வந்துவிடவில்லை. 1986இல் சிட்னியில் ஹால்டெக் தொடங்கப்பட்டது. 1987இல் மெல்பர்னில் மோடெக். பின்னர் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் லிங்க். இத்துறையின் முன்னோடிகளில் இத்தனை பேர் தென்கோடியில் இருப்பது வியப்பளிக்கலாம். உள்ளூர்ப் பந்தய மரபு வலுவாக இருந்தது. தாய்த் தொழிற்சாலைகளின் பந்தயப் பிரிவுகளோ கடல் கடந்து வெகுதொலைவில் இருந்தன. கேட்டுப் பெற முடியாததைச் செய்துகொள்வதுதானே மனித இயல்பு.

இவர்களது பெட்டிகள் தொழிற்சாலைக் கணினியைத் திருத்தவில்லை. அதை அகற்றிவிட்டு அவ்விடத்தில் தாமே அமர்ந்தன. அவற்றை ஒரு சாதாரண தனிநபர் கணினியோடு கம்பியால் இணைத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அட்டவணையின் கட்டங்களைத் திரையில் திருத்த முடிந்தது. டைனோ உருளைகளின் மேல் காரை நிறுத்தி, ஒவ்வொரு கட்டமாக ஏறி இறங்கி, தன் எஞ்சினுக்கான மலைத்தொடரைத் தானே வரையும் உரிமை பட்டறைக்காரர் கைக்கு வந்தது.

இரு நிறுவனங்களின் போக்கிலும் வேறுபாடு இருந்தது. மோடெக் தொழில்முறைப் பந்தயத்தை நோக்கி நகர்ந்தது. தரவுப் பதிவும் அதைப் படிக்கும் மென்பொருளும் அதன் பெருமை. ஆனால் ஒரே பெட்டிக்குள் இருக்கும் வசதிகளைத் தனித்தனியே காசு கொடுத்துத் திறந்துகொள்ளும் முறையையும் அது கடைப்பிடித்தது. வாங்கியது பெட்டியையா, பெட்டிக்குள் நுழையும் அனுமதியையா என்ற ஐயம் பலருக்கு எழுந்தது. ஹால்டெக், பட்டறைக்காரரும் ஆர்வலரும் கையாளும் பெட்டியாக வளர்ந்தது.

ஜப்பானில் கதை வேறுவிதம். அங்கே கார் நிறுவனங்கள் தமக்குள் செய்துகொண்ட எழுதாத ஒப்பந்தம் ஒன்றால், 1989 முதல் 2004 வரை எந்தக் காரின் விளம்பர வலிமையும் 280 குதிரைத்திறனைத் தாண்டவில்லை. நிஸானின் ஸ்கைலைன் ஜி.டி.-ஆர் போன்ற கார்களின் எஞ்சின்களோ அதற்கும் மேலே போகத் துடித்தவை. அந்த இடைவெளியில் ஒரு தொழிலே தழைத்தது. அபெக்ஸி நிறுவனத்தின் பவர் எஃப்.சி., தொழிற்சாலைக் கணினியின் இணைப்பியிலேயே நேராகச் செருகிக்கொள்ளும். ஒரு கம்பியைக்கூட வெட்ட வேண்டாம். கையடக்கத் திரையொன்றில் எண்களை மாற்றலாம். எச்.கே.எஸ். நிறுவனத்தின் எஃப்-கான் வி புரோ இதற்கு நேரெதிர். அங்கீகாரம் பெற்ற பட்டறைகள் மட்டுமே அதைத் திறந்து எழுத முடியும். காரின் சொந்தக்காரர் தம் எஞ்சினின் அட்டவணையைப் பார்க்கக்கூட இயலாது. அறியாதவர் கைவைத்துக் கெடுத்துவிடுவார் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். நியாயந்தான். ஆனால் அந்தப் பட்டறை மூடப்பட்டால், அல்லது அந்தக் கார் கடல் கடந்து விற்கப்பட்டால், பெட்டி ஊமையாகிவிடும்.

பற்றவைப்புக் கோலும் திறந்த அட்டவணையும்

2001இல் அமெரிக்காவில் புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ என்னும் இருவர் மெகாஸ்குவர்ட்டை வெளியிட்டனர். முழுமையான பெட்டியாக அல்ல. மின்பலகையும் உறுப்புகளும் அடங்கிய தொகுப்பாக. வாங்கியவர் தாமே பற்றவைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருந்தது மோட்டரோலாவின் எளிய 8 பிட் சில்லு. அட்டவணை எட்டுக்கு எட்டு, ஆக 64 கட்டங்கள். பெட்ரோலை மட்டுமே அது ஆண்டது, தீப்பொறியைத் தொடவில்லை. மோடெக்கின் முன் வைத்தால் பொம்மை என்றே சொல்லத் தோன்றும்.

ஆயினும் அதன் மூலநிரல் எல்லோர் பார்வைக்கும் வைக்கப்பட்டது. எனவே அதில் இல்லாததைப் பயன்படுத்துவோரே எழுதிச் சேர்த்தனர். தீப்பொறிக் கட்டுப்பாடு அப்படித்தான் வந்தது. அடுத்தடுத்த பதிப்புகளில் அட்டவணை பன்னிரண்டுக்குப் பன்னிரண்டாகவும் பதினாறுக்குப் பதினாறாகவும் வளர்ந்தது. இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அது முற்றிலும் கட்டற்ற மென்பொருள் அன்று. அந்நிரலை அவர்களது பலகையில் மட்டுமே ஓட்டலாம் என்ற நிபந்தனை இருந்தது. முழுமையாகத் திறந்த வழியில், ஆர்டுயினோ பலகையின் மேல் எழுந்த ஸ்பீடுயினோவும், ரஸ்இ.எஃப்.ஐ.யும் பின்னர் வந்தவை.

மெகாஸ்குவர்ட் செய்த பெரிய காரியம் விலைக்குறைப்பு அன்று. இன்ஜெக்டர் திறக்க எடுத்துக்கொள்ளும் நேரம் மின்னழுத்தத்தோடு ஏன் மாறுகிறது, குளிர்ந்த எஞ்சினுக்கு ஏன் கூடுதல் பெட்ரோல் வேண்டும் என்பனவற்றையெல்லாம் ஆயிரக்கணக்கானோர் தம் கையால் செய்து கற்றனர். ஒரு தொழிலின் இரகசியம் பொதுக்கல்வியாக மாறிய தருணங்களில் இதுவும் ஒன்று.

மூடிக்கொண்ட கதவுகள்

ஒருபுறம் கதவு திறந்துகொண்டிருந்தபோதே மறுபுறம் மூடிக்கொண்டும் இருந்தது. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஓ.பி.டி. இரண்டு எனும் சுயபரிசோதனை முறை கட்டாயமாயிற்று. புகைக் கட்டுப்பாட்டில் எதைத் தொட்டாலும் கணினி குறித்துக்கொள்ளும். பாஷ் 1986இல் அறிமுகப்படுத்திய 'கான்' வலையமைப்பு பரவியபின், எஞ்சின் கணினி தனித்தீவாக இல்லை. பிரேக், கியர்ப்பெட்டி, திருட்டுத் தடுப்பு, வேகமானி எல்லாம் அதனோடு பேசிக்கொண்டே இருக்கும். அதைப் பிடுங்கினால் காரின் பாதி உறுப்புகள் 'எங்கள் தலைவர் எங்கே' என்று கேட்டு வேலைநிறுத்தம் செய்யும். ஆகவே புதிய கார்களில் பெட்டியை மாற்றாமல் அதற்குள்ளிருக்கும் மென்பொருளையே மாற்றி எழுதும் வழி செல்வாக்குப் பெற்றது.

பந்தயத்திலும் கதவு மூடியது. ஃபார்முலா ஒன்னில் 1994இல் சக்கரச் சறுக்கல் கட்டுப்பாடு முதலிய உதவிகள் தடைசெய்யப்பட்டன. அவ்வாண்டு பெனட்டன் அணியின் மென்பொருளை ஆராய்ந்தபோது, தொடக்கப் பாய்ச்சலுக்கு உதவும் நிரல் ஒன்று பட்டியலில் தெரியாமல் உள்ளே ஒளிந்திருந்தது கண்டறியப்பட்டது. பந்தயத்தில் அதைப் பயன்படுத்தியதற்குச் சான்று கிடைக்கவில்லை. நிரலைக் காவல் காப்பது எவ்வளவு கடினம் என்பது மட்டும் தெளிவாயிற்று. 2001இல் தடையே தளர்த்தப்பட்டது. இறுதியில் 2008 முதல் எல்லா அணிகளுக்கும் ஒரே கணினி என்ற விதி வந்தது. அதை வழங்கியது மக்லாரன் எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ். கணினியின் மகிமையை உலகுக்குக் காட்டிய அதே பந்தயம், கணினியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அணிகளிடமிருந்து எடுத்துக்கொண்டது.

செப்டம்பர் 2015இல் வோக்ஸ்வாகன் விவகாரம் வெடித்தது. சோதனைச் சாலையில் இருக்கிறோம் என்பதை உணர்ந்து நல்லபிள்ளையாக நடந்து, சாலைக்கு வந்ததும் நச்சைக் கக்கும் நிரல், உலகெங்கும் சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் டீசல் கார்களில் இருந்தது. எவரும் படிக்க முடியாத பெட்டி என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அவ்வாண்டு இறுதியில், சொந்த வாகனத்தின் நிரலைப் பழுதுபார்க்கவும் சட்டத்துக்குட்பட்டு மாற்றவும் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு அளிக்கப்பட்டது. ஆனால் மறுபக்கமும் உண்டு. பத்தாண்டுக்குள் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்-அப் வண்டிகளில் புகைக் கட்டுப்பாடு அகற்றப்பட்டதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் கணித்தது. நிறுவனம் செய்த அதே குற்றத்தைத் தனிமனிதரும் தம் பங்குக்குச் செய்தனர். திறந்த அட்டவணை நல்லது. அதில் யார் என்ன எழுதுகிறார் என்பது வேறு செய்தி.

எனவே, எதைத் தேர்வது?

இவ்வரலாற்றிலிருந்து சில முடிவுகள் தாமாகவே வந்து சேர்கின்றன.

முதலாவது, கார் எங்கே ஓடப்போகிறது? நாள்தோறும் சாலையில் ஓடும் புதிய காருக்குத் தொழிற்சாலைக் கணினியே தக்கது. குளிர்காலத் தொடக்கம், உயர்ந்த மலை, மோசமான பெட்ரோல் என எல்லாவற்றுக்குமான எண்கள் ஆண்டுக்கணக்கில் சோதித்து அதில் எழுதப்பட்டுள்ளன. தேவையானால், சட்டத்தின் அனுமதி பெற்ற மென்பொருள் மாற்றத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கலிஃபோர்னியா போன்ற இடங்களில், உதிரிப்பாகம் ஒவ்வொன்றுக்கும் அரசின் விலக்கு ஆணை எண் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். முழுமையாகக் கணினியை மாற்றுவது பந்தயத் தடத்துக்கான காருக்கும், வலையமைப்பு வருவதற்கு முந்திய பழைய காருக்குமே பொருந்தும்.

இரண்டாவது, எஞ்சின் தன் காற்றை எப்படி அளக்கப் போகிறது? டி-ஜெட்ரானிக்கின் வழித்தோன்றலான அழுத்த அளவை, டர்போ எஞ்சினுக்கு இயல்பாகப் பொருந்தும். எல்-ஜெட்ரானிக்கின் வழித்தோன்றலான நேரடிக் காற்று அளவை, எஞ்சினில் செய்யும் சிறு மாற்றங்களைத் தானே அனுசரித்துக்கொள்ளும். ஆனால் அளவியின் எல்லையைத் தாண்டினால் குருடாகிவிடும். சிலிண்டருக்கு ஒன்றாகத் தனித்தனி திராட்டில் வைத்த, டர்போ இல்லாத பந்தய எஞ்சினில் அழுத்தம் நிலையாக நிற்காது. அங்கே திராட்டிலின் கோணமே வழிகாட்டி. பெட்டி இம்மூன்றில் எதை அறியும் என்பதைக் கேட்டுவிட்டுத்தான் விலையைக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, எண்ணிக்கை. இன்ஜெக்டர்கள் எத்தனை, தீப்பொறிச் சுருள்கள் எத்தனை, கிராங்க் தண்டின் பற்சக்கர வடிவத்தைப் பெட்டி படிக்குமா, மாறும் வால்வு நேரத்தையும் மின் திராட்டிலையும் ஆளுமா? பற்சக்கரத்தைப் படிக்கத் தெரியாத கணினி, எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், நேரம் தெரியாத சோதிடர்தான்.

நான்காவது, காவல். நாக்கிங்கைக் கேட்டு அழுத்தத்தைக் குறைக்கும் முறையைச் சாப் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலேயே தன் டர்போ கார்களில் கொண்டுவந்துவிட்டது. அகன்ற அளவுள்ள லாம்டா உணரியும் இன்று எளிதில் கிடைக்கிறது. எண்ணெய் அழுத்தம் விழுந்தாலோ கலவை வறண்டாலோ ஓட்டுநர் உணர்வதற்கு முன்பே எஞ்சினை அடக்கும் பெட்டியே வேண்டும். 256 கட்டங்களையும் பிழையின்றி எழுதும் கை எங்கும் இல்லை.

ஐந்தாவதும் முதன்மையானதுமான கேள்வி: இதை யார் எழுதப் போகிறார்? அருகிலுள்ள நல்ல டியூனர் எந்தப் பெட்டியை நன்கறிவாரோ, அதுவே அந்த ஊருக்கு நல்ல பெட்டி. வயரிங்குக்கும் டைனோ நேரத்துக்கும் ஆகும் செலவு பெட்டியின் விலையை எளிதில் எட்டிவிடும் என்பதால், பெட்டியில் மிச்சம் பிடித்து டியூனரில் கோட்டைவிடுவது வீண். எழுதி முடித்த அட்டவணையின் பிரதியும் கடவுச்சொல்லும் சொந்தக்காரர் கையில் இருக்க வேண்டும். இதை வேலை தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுவது நல்லது. தானே கற்க விழைபவர் மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ வழியைத் தேர்வதில் பிழையில்லை. பழைய, எளிய, பழுதானால் மாற்று கிடைக்கும் எஞ்சினில் தொடங்குவது மட்டும் விவேகம்.

துளையாக இருந்தது எண்ணாயிற்று. எண் சில்லுக்குள் போயிற்று. சில்லுக்குப் பூட்டு வந்தது. பூட்டுக்குச் சாவியும் வந்தது. நூறாண்டுக்கும் மேலான இப்பயணத்தில் எஞ்சின் கேட்ட கேள்விகள் அந்த இரண்டே: எவ்வளவு, எப்போது. மாறியதெல்லாம் அதற்கு விடை எழுதும் கை. அந்தக் கையெழுத்தை நம்மால் படிக்க முடிகிற பெட்டியாகப் பார்த்து வாங்குவதே, வரலாறு அறிந்தவர் செய்யும் தேர்வு.